ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் மூழ்கிய கிழட்டு நாசகாரி

விஷ்ராந்த்வாடியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று நிறுத்துவார்கள். தலைக்கு மேலே சுகோய் விமானம் ஒன்று காது கிழியப் பறந்து போகும். சத்தம் அடங்கியதும், விட்ட வார்த்தையிலிருந்து பேச்சு தொடரும். லோஹேகாவ் விமான தளத்துக்குப் பக்கத்தில் வாழ்வது என்றால் அப்படித்தான். இந்தத் தளம் 1939-ம் ஆண்டு, இரண்டாவது உலக யுத்தம் மூண்ட அதே வருஷம், பம்பாய் நகரத்தின் வான் பாதுகாப்புக்காக பிரிட்டிஷ் விமானப் படை அமைத்தது.

ஆளந்தி சாலையில் உள்ள டீக்கடை ஒன்றில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கட்கி தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடையில் எல்லோரும் அவரை 'அண்ணாச்சி' என்றுதான் அழைக்கிறார்கள். விமானம் பறந்து போனதும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இந்தச் சத்தம் கேட்டா எங்கப்பா கட்டிலுக்கு அடியில போயிருவாரு தம்பி. ஒரு தடவை இங்கே வந்து என்கூட நாலு நாள் தங்கினாரு. அஞ்சாவது நாள் ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டாரு. அவரு கொழும்புத் துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்னைக்கு அங்கேதான் இருந்தாரு. வெள்ளைக்காரன் நாசகாரி ஒண்ணு கண்ணு முன்னால முழுகிப் போச்சுன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. பேரு மட்டும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அந்தக் கப்பலின் பெயர் டெனடோஸ். 1942-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி, ஈஸ்டர் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை காலையில், கொழும்புத் துறைமுகத்துக்குள்ளேயே அது ஜல சமாதி அடைந்தது.

தமிழ்நாட்டில் 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பலைத் தெரியாதவர்கள் இல்லை. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னை மீது பீரங்கிக் குண்டுகளை வீசிவிட்டுப் போனது. கெட்டிக்காரத்தனமாக ஏய்ப்பவனை இன்றைக்கும் 'சரியான எம்டன்' என்கிறோம். ஆனால் 1942-ல் நம் கடலில் மூழ்கிய கப்பல்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எம்டன் சென்னையில் செய்த சேதத்தைவிட மிகப் பெரிய சேதம் அந்த ஐந்தே நாட்களில் நடந்தது.

பிறக்கும்போதே வேலை போனது

டெனடோஸ் பிறந்த கதை வேடிக்கையானது. இங்கிலாந்தின் வட கிழக்கே டைன் நதிக்கரையில் ஹெப்பர்ன் என்ற ஊர். அங்குள்ள ஹாதோர்ன் லெஸ்லி என்ற கப்பல் கட்டும் கம்பெனி அதைக் கட்டியது. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியரோடு மோதுவதற்காக அவசர அவசரமாகக் கட்டினார்கள். 1918 அக்டோபரில் தண்ணீரில் இறக்கினார்கள். நவம்பர் 11-ந் தேதி யுத்தம் முடிந்து விட்டது! வேலைக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது ஆலைக்குக் கதவடைப்பு என்பது போல ஆயிற்று. எல்லா வேலையும் முடிந்து அது கடற்படையில் சேர்ந்தது 1919-ல்.

'எஸ்' வகுப்பு நாசகாரிகள் என்று ஒரே மாதிரியாக 67 கப்பல்களைக் கட்டினார்கள். பெரும்பாலானவற்றின் பெயர்கள் ஆங்கிலத்தில் எஸ் அல்லது டி என்ற எழுத்தில் தொடங்கின. டெனடோஸ் என்பது துருக்கிக் கரையை ஒட்டிய ஒரு சிறு தீவின் பெயர். மரக் குதிரையை விட்டுவிட்டு கிரேக்கர்களின் கப்பல்கள் ஒளிந்திருந்ததாக டிராய் நகரக் கதையில் வருகிறதே, அந்தத் தீவுதான்.

'நாசகாரி' என்ற பெயரைக் கேட்டு ஏதோ மலை போன்ற கப்பல் என்று நினைத்து விடக் கூடாது. டார்பிடோ என்ற நீர்மூழ்கி வெடிகுண்டு 1866-ல் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் சிறு படகுகள் பெரிய போர்க்கப்பல்களுக்கு எமனாக முளைத்தன. அந்தப் படகுகளைத் துரத்தி அழிக்க 1893-ல் பிரிட்டன் கட்டிய வேகமான சிறு கப்பலுக்கு 'டார்பிடோ படகு நாசகாரி' என்று பெயர். பிற்பாடு 'டார்பிடோ படகு' உதிர்ந்து போய் 'நாசகாரி' மட்டும் நின்றது. யானைக் கூட்டத்தைச் சுற்றி ஓடும் காவல் நாய் மாதிரி அதன் வேலை.

டெனடோசின் நீளம் 276 அடி. நம் புனே நகர பஸ்களில் பன்னிரண்டு மீட்டர் பஸ் ஏழை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அவ்வளவு நீளம் வரும். அகலம் 27 அடிக்கும் கொஞ்சம் குறைவு. எடை சுமார் ஆயிரம் டன். அந்த ஒல்லி உடம்புக்குள் மூன்று பாய்லர்களும் 27 ஆயிரம் குதிரை சக்தி கொண்ட டர்பைன்களும்! முழு வேகத்தில் 36 நாட்; அதாவது மணிக்கு 66 கிலோ மீட்டருக்கு மேல். பாய்லர் அறையில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும், இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு நீராவி என்றால் அது எப்படிப்பட்ட அடுப்பு என்று. மாலுமிகள் சுமார் 90 பேர்.

ஆயுதங்கள் என்று பார்த்தால் 4 அங்குல பீரங்கிகள் மூன்று, டார்பிடோ குழாய்கள், சின்ன விமான எதிர்ப்புத் துப்பாக்கி ஒன்று. கவசத் தகடு கிடையாது. இன்னொரு குறையும் இருந்தது. அந்த மூன்று பீரங்கிகளும் 30 டிகிரிக்கு மேல் தலை நிமிராது. எதிரே வரும் கப்பலைச் சுடலாம். தலைக்கு நேர் மேலே வரும் விமானத்தைச் சுட முடியாது. 1918-ல் அது ஒரு குறையாக யாருக்கும் தெரியவில்லை.

சமாதானம் வந்ததும் இந்த 67 கப்பல்களில் பெரும்பாலானவை உடைத்து விற்கப்பட்டன. கடற்படைகளின் அளவைக் குறைக்க 1930-ல் லண்டனில் வல்லரசுகள் போட்ட ஒப்பந்தமும் ஒரு காரணம். 1939-ல் மீண்டும் யுத்தம் மூண்டபோது மிச்சம் இருந்தவை பதினொன்றே. அவற்றிலும் ஐந்து, 'வேறு எங்கும் பயன்படாது' என்பது போல, சீனக் கடலுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டிருந்தன: ஸ்கவுட், ஸ்ட்ராங்ஹோல்டு, தானெட், திரேசியன், டெனடோஸ். ஐரோப்பாவில் ஹிட்லரோடு மோதிக்கொண்டிருந்த பிரிட்டனுக்குக் கிழக்கே அனுப்ப நல்ல கப்பல் இல்லை. ஜப்பான் துணிந்து இறங்காது என்ற நம்பிக்கையில் காலத்தை ஓட்டினார்கள்.

இரண்டு யானைகளும் நான்கு காவல் நாய்களும்

1941 டிசம்பர் 2-ந் தேதி 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. வரும் வழியில் அவை ஒன்று சேர்ந்தது இலங்கையில். சிங்கப்பூரில் ஒரே கோலாகலம். ஆறே நாளில் ஜப்பானியர் மலேயாவின் வடக்கே துருப்புகளை இறக்கினார்கள்.

8-ந் தேதி மாலை அட்மிரல் டாம் பிலிப்ஸ் தலைமையில் இரண்டு பெரும் கப்பல்களும் புறப்பட்டன. காவலுக்கு நான்கு நாசகாரிகள்: எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த வேம்பயர், நமது டெனடோஸ். விமானப் பாதுகாப்பு கிடையாது. வானத்தில் மேகம் மூடியிருக்கிறது, தப்பி விடலாம் என்ற கணக்கு.

மறுநாள் மாலை டெனடோசுக்கு எண்ணெய் போதவில்லை. நாற்பதாயிரம் டன் கப்பலோடு ஓட்டப் பந்தயம் ஓடினால் ஆயிரம் டன் கப்பலின் டாங்கி எத்தனை நாள் தாங்கும்? 'நீ சிங்கப்பூருக்குத் திரும்பு' என்று அட்மிரல் உத்தரவிட்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். மறுநாள் காலை 8 மணிக்கு, வெகு தூரம் வந்த பிறகு, ரேடியோவில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். பெரிய கப்பல்கள் ரேடியோவைத் திறந்தால் எதிரிக்கு இருப்பிடம் தெரிந்து விடும் என்பதால், தபால்காரன் உத்தியோகம் டெனடோசுக்கு!

10-ந் தேதி காலை. ஜப்பானிய விமானங்கள் பிரிட்டிஷ் கப்பல்களைத் தேடித் தென் திசையில் வெகு தூரம் வந்து விட்டன. கண்ணில் பட்டது டெனடோஸ். ஒன்பது குண்டு வீச்சு விமானங்கள் பெரும் போர்க்கப்பலைக் கண்டு விட்டதாக நினைத்து அதன் மேல் பாய்ந்தன. ஒவ்வொன்றும் 500 கிலோ குண்டு சுமந்து வந்தது. அதில் ஒன்று விழுந்திருந்தாலும் டெனடோஸ் இரண்டாகப் பிளந்திருக்கும். தளபதி லெப்டினன்ட் ரிச்சர்டு டையர் வளைத்து வளைத்துக் கப்பலை ஓட்டினார். ஒன்பது குண்டுகளும் தண்ணீரில் விழுந்தன. தலை நிமிராத பீரங்கிகளை வைத்துக்கொண்டு வேகம் ஒன்றை மட்டும் நம்பித் தப்பிய கப்பல் அது. தன்னைத் தாக்குகிறார்கள் என்று ரேடியோவில் அலறவும் செய்தது.

அந்த அபாயக் குரலுக்குப் பிறகாவது அட்மிரல் சிங்கப்பூரிலிருந்து சண்டை விமானங்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஏன் என்று இன்று வரை சரித்திர ஆசிரியர்கள் விவாதித்து வருகிறார்கள்; அவர் உயிரோடு திரும்பவில்லை, கேட்பதற்கு. பகல் 12 மணி சுமாருக்கு 'ரிபல்ஸ்' கப்பலின் கேப்டன் டென்னன்ட் தானே செய்தி அனுப்பினார். விமானங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எண்பதுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் இரண்டு யானைகளையும் சாய்த்து விட்டன. 840 பேர் மாண்டனர். கடலில் தத்தளித்தவர்களை எலெக்ட்ராவும் எக்ஸ்பிரசும் வேம்பயரும் தூக்கி எடுத்தன. கேப்டன் டென்னன்ட் ஏறியது வேம்பயரில்.

ஒன்பது விமானங்கள் டெனடோஸ் மீது குண்டுகளை வீணாக்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு கப்பல்களும் இன்னும் சீக்கிரமாக மூழ்கியிருக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம். அவ்வளவுதான் ஆறுதல்.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ந் தேதி விழுந்தது. அங்கே சிக்கிய தமிழ்த் தொழிலாளர்கள் பலர் பின்னால் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டு மடிந்த கதை தனிக் கதை. டெனடோஸ் ஜாவாவுக்குத் தப்பியது. அங்கும் ஜப்பானியர் நெருங்கி விட்டனர். பிப்ரவரி கடைசியில் ஹோபார்ட், டேனே, டிராகன் என்ற மூன்று குரூசர்களோடும் சகோதரக் கப்பல் ஸ்கவுட்டோடும் சுந்தா ஜலசந்தியைக் கடந்து, சுமத்ராவின் படாங் துறைமுகத்தில் தவித்துக்கொண்டிருந்த அகதிகளை ஏற்றிக்கொண்டு, மார்ச் முதல் வாரத்தில் கொழும்பு வந்து சேர்ந்தது. இருபத்து மூன்று வயதுக் கப்பலுக்கு உடம்பு பூராவும் ரிப்பேர். துறைமுகத்தில் பழுது பார்க்க விட்டார்கள்.

கட்கி பணிமனையில் பழைய டாங்கிகளைப் பிரித்துப் போட்டு வேலை செய்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும். பிரித்துப் போட்ட எஞ்சினோடு எதிரி வந்தால் ஓட முடியாது.

ஈஸ்டர் காலை

பெர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே அட்மிரல் நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்து மகா சமுத்திரத்துக்குள் நுழைந்தார். அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஜூய்காகு என்பவை அவை. ஏப்ரல் 4-ந் தேதி மாலை, இலங்கையின் தெற்கே கொக்கலையிலிருந்து கிளம்பிய கேட்டலினா ரகக் கடல் விமானம் ஒன்று அவற்றைக் கண்டு விட்டது. விமானி கனடா நாட்டவர், பெயர் பர்ச்சால். ரேடியோவில் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். உயிர் பிழைத்தவர்களோடு அவரும் கைதியாகி, யுத்தம் முடியும் வரை ஜப்பானில் சிறையில் இருந்தார். 'இலங்கையைக் காப்பாற்றியவர்' என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது.

செய்தி வந்ததும் கொழும்புத் துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் நகர முடிந்தவற்றையெல்லாம் இரவோடு இரவாகக் கடலுக்குத் துரத்தினார்கள். நகர முடியாதவை நின்றன. அவற்றில் ஒன்று டெனடோஸ்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன்பு, பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்குத் தலைமை வகித்த புச்சிடாவே முன்னால் வர, நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பு மீது வந்தன. மாதா கோயில்களில் ஈஸ்டர் பூசை நடந்துகொண்டிருந்த நேரம். நம்முடைய விமானங்கள்தான் ஒத்திகை பார்க்கின்றன என்று பலர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்வார்கள். முன்னெச்சரிக்கை இருந்தும், இரத்மலானையில் இருந்த சண்டை விமானங்களில் பல, எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே கிளம்பின. குதிரைப் பந்தய மைதானத்தையே ரகசிய விமான தளமாக்கி அங்கு சில ஹரிக்கேன் விமானங்களை ஒளித்து வைத்திருந்தார்கள். அது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து கிளம்பியவை கொஞ்சம் கை கொடுத்தன. டார்பிடோவைத் தூக்கிக்கொண்டு திருகோணமலையிலிருந்து அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்த ஆறு பழைய இரட்டைச் சிறகு விமானங்களை ஜப்பானியர் ஒன்று விடாமல் வீழ்த்தி விட்டனர்.

டெனடோஸ் மீது குண்டுகள் விழுந்தன. ஓட முடியாத நாசகாரிக்கு வேறு பாதுகாப்பு எதுவும் இல்லை என்று மேலே பார்த்தோம். சிங்கப்பூர்க் கடலில் ஒன்பது குண்டுகளுக்குத் தப்பிய கப்பல் கட்டிப் போட்ட ஆடு போல் நின்று மூழ்கியது. முப்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் அதில் மாண்டனர். ஹெக்டர் என்ற ஆயுதந் தாங்கிய வணிகக் கப்பலும் தீப்பிடித்து மூழ்கியது. லூசியா என்ற நீர்மூழ்கிகளின் தாய்க் கப்பலுக்குப் பலத்த சேதம்.

"அப்பா சொல்லுவாரு, கப்பல் சத்தமே இல்லாம இறங்கிச்சாம். சுத்தி எல்லாம் எண்ணெய். எண்ணெயில நீந்தி வந்த வெள்ளைக்காரப் பசங்க கறுப்பா வந்தாங்களாம். நம்மாளுதான்னு நினைச்சு ஒருத்தனுக்கு இவரு தமிழ்ல பேசினாராம்" என்றார் அண்ணாச்சி.

குண்டுகள் துறைமுகத்தோடு நிற்கவில்லை. ஊருக்குள்ளும் விழுந்தன. அங்கொடையில் இருந்த மனநோய் மருத்துவமனை மீதும் விழுந்தன. அதே நாள் பகலில், தெற்கே நடுக்கடலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் குரூசர்களை நகுமோவின் விமானங்கள் கண்டுபிடித்து மூழ்கடித்தன. 424 பேர் மாண்டனர். தண்ணீரில் ஒரு நாளுக்கு மேல் மிதந்து உயிர் பிழைத்தவர்கள் 1,122 பேர்.

கொழும்பு மீது வந்த விமானங்களில் ஜப்பான் இழந்தது ஏழு. அப்போது வெளியான சர்க்கார் அறிக்கைகள் அதைப் பல மடங்காகச் சொல்லிக்கொண்டன. எந்த யுத்தத்தில்தான் அப்படி இல்லை!

போட் மெயில் கூட்டம்

கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நிலக்கரி ஏற்றியவர்கள், படகு தள்ளியவர்கள் ஆகியோரில் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் போனவர்கள். குண்டு விழுந்த மறுநாள் முதல் அவர்கள் ஊரைக் காலி செய்யத் தொடங்கினார்கள். கப்பலிலிருந்து சரக்கை இறக்க ஆள் இல்லாமல் துறைமுகம் தவித்தது. கொழும்பு ரயில் நிலையத்தில் நிற்க இடமில்லை. தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், மறுபடி ரயில். இதுதான் அந்தக் காலத்து 'போட் மெயில்' பாதை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்து போன பிறகு அந்தப் பாதையும் போயிற்று.

அண்ணாச்சியின் தகப்பனார் சம்பள பாக்கியை வாங்கவில்லை. கங்காணியிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரு வேட்டியும் ஒரு தகரப் பெட்டியுமாகத் தலைமன்னாரில் இரண்டு நாள் காத்துக் கிடந்து கப்பல் ஏறினார். திரும்பிப் போவது லேசாக இல்லை. 1939-லேயே, உடலுழைப்புத் தொழிலாளர்கள் புதிதாக இலங்கைக்குப் போவதை இந்திய சர்க்கார் தடை செய்திருந்தது. இலங்கை சர்க்காரும் தன் இலாகாக்களிலிருந்து இந்தியத் தினக்கூலிகளைக் குறைத்துக்கொண்டு வந்தது. அவர் ஊரிலேயே தங்கி விட்டார். உப்பளத்தில் வேலை. மகன்தான் பின்னால் புனேக்கு ரயில் ஏறினார்.

2020-ல் ஊரடங்கு அறிவித்தபோது புனே ரயில் நிலையத்திலும் சாலைகளிலும் மூட்டை முடிச்சோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, 1942 ஏப்ரலில் கொழும்பு எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இங்கே தமிழ்நாட்டிலும் பீதி கிளம்பியது. கொழும்புக்கு மறுநாள், ஏப்ரல் 6-ந் தேதி, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை ஜப்பானியர் மூழ்கடித்தார்கள். இந்தியக் கடற்படையின் 'இண்டஸ்' என்ற கப்பலும் அதே நாள் பர்மாக் கரையில் மூழ்கியது. சென்னை சர்க்கார் மக்களை வெளியேறச் சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பின. லட்சக்கணக்கான ஜனங்கள் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் நடந்தும் வெளியேறினார்கள். கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்து விடுமே என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 'எவாகுவேஷன்' என்ற ஆங்கில வார்த்தை பாட்டிமார் வாயிலும் புகுந்தது அப்போதுதான். ஆனால் ஜப்பானியக் கப்பற்படை சென்னைக்கு வரவேயில்லை.

மட்டக்களப்புக் கடலில்

டெனடோசோடு சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட வேம்பயர் ஞாபகம் இருக்கிறதல்லவா? அதற்கும் நான்கே நாள்தான் ஆயுள் மிச்சம் இருந்தது.

வேம்பயரும் முதல் யுத்தக் காலத்துக் கப்பல். 1917-ல் பிரிட்டனில் கட்டியது. ஆஸ்திரேலியாவுக்கு 1933-ல் கொடுத்தார்கள். இந்த மாதிரிப் பழைய நாசகாரிகள் ஐந்தை ஆஸ்திரேலியா மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியபோது ஹிட்லரின் பிரசார மந்திரி கோயபல்ஸ் 'பழைய இரும்புக் கூட்டம்' என்று கேலி செய்தாராம். ஆஸ்திரேலிய மாலுமிகள் கோபப்படவில்லை. அந்தப் பெயரையே பட்டமாக வைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 8-ந் தேதி இரவு, திருகோணமலையைத் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலும் வேம்பயரும் துறைமுகத்தை விட்டு வெளியேறி கரையோரமாகத் தெற்கே வந்தன. மறுநாள் காலை திருகோணமலையில் குண்டு விழுந்து முடிந்ததும், திரும்பி வரும்படி உத்தரவு. அதற்குள் ஜப்பானிய விமானம் ஒன்று பார்த்து விட்டது. விமானந்தாங்கி என்று பெயர்தானே தவிர, அன்று ஹெர்மிசில் ஒரு விமானம்கூட இல்லை! காலை பத்தரை மணிக்குப் பிறகு தொடங்கிய தாக்குதலில் இருபது நிமிஷத்துக்குள் மூழ்கி விட்டது. 307 பேர் மாண்டனர். அடுத்து வேம்பயர் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. அதன் தளபதி மோரனும் சில மாலுமிகளும் அதோடு போனார்கள்.

மட்டக்களப்புக் கடலில் அன்று ஒரு நல்ல காரியமும் நடந்தது. 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் அந்தப் பக்கம் வந்தது. செஞ்சிலுவை போட்ட அந்தக் கப்பலை ஜப்பானியர் தொடவில்லை. சுமார் 600 பேரை அது தண்ணீரிலிருந்து தூக்கியது. ஹெர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக்கு எதிரே கடலடியில் கிடக்கிறது; வெளிநாடுகளிலிருந்து முக்குளிப்பவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கிழக்கே அனுப்பப்பட்ட ஐந்து சகோதரக் கப்பல்களின் கணக்கையும் பார்த்து விடலாம். தானெட் 1942 ஜனவரி 27-ந் தேதி மலேயாவின் எண்டாவ் கரையருகே மூழ்கியது. அன்றும் கூடப் போன கப்பல் வேம்பயர்தான். ஸ்ட்ராங்ஹோல்டு மார்ச் 2-ந் தேதி ஜாவாவுக்குத் தெற்கே மூழ்கியது. திரேசியன் ஹாங்காங்கில் கரை தட்டி, ஜப்பானியர் அதைப் பிடித்து ரிப்பேர் செய்து தங்கள் கொடியைப் பறக்க விட்டு ஓட்டினார்கள். டெனடோஸ் கொழும்பில். ஸ்கவுட் ஒன்றுதான் யுத்தம் முடிகிற வரை தாக்குப் பிடித்தது. அதையும் 1946-ல் உடைத்து இரும்பாக்கி விட்டார்கள்.

கொழும்பைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் இரண்டே மாதத்தில், ஜூன் மாதம் மிட்வே யுத்தத்தில், அமெரிக்கரிடம் சிக்கி மூழ்கின. மற்ற இரண்டும் 1944-ல்.

கட்கியில் யுத்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. விஷ்ராந்த்வாடியிலிருந்து அதிக தூரம் இல்லை. இரண்டாவது யுத்தத்தில் மாண்ட ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை கலையாமல் பராமரிக்கிறார்கள். கடலோடு போன பிரிட்டிஷ் மாலுமிகளுக்குக் கல்லறை ஏது? அவர்கள் பெயர்களை இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத், பிளிமவுத், சத்தாம் ஆகிய மூன்று துறைமுகங்களில் நினைவுச் சின்னம் எழுப்பிப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்குத் துறைமுகத்துல எங்கப்பா கூட வேலை பார்த்தவங்க ரெண்டு பேரு திரும்பி வரலை. ஒருத்தரு திருச்செந்தூர்ப் பக்கம், இன்னொருத்தரு மலையாளத்தான். அவங்க பேரு எங்கே எழுதியிருக்கும் தம்பி?"

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுபடி ஒரு விமானம் பறந்து போனது. சத்தம் அடங்கியதும், கப்பலின் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னார். ஊரில் அவருடைய அக்காள் இருக்கிறாராம். போனில் படித்துக் காட்ட வேண்டுமாம். எழுதிக் கொடுத்தோம். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, டீக்குக் காசு கொடுக்க விடாமல் தானே கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினார்.